வாயில் ஒன்றுமில்லை

ஜனவரி 19, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி பதினெட்டு நாளாகச் சும்மா கிடந்தது. கோலம் போட்டுப் பழக வேண்டும் என்று கோமளா கேட்டாள். மனைவிக்குக்கூட விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சிறைக்குள் எல்லோரும் என்னைக் கம்பவுண்டர் என்கிறார்கள். நான் மருந்தாளுநர். முப்பத்திரண்டு வருஷமாகத் திருத்திப் பார்த்துவிட்டேன். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம். இனிமேல் திருத்தி என்ன ஆகப்போகிறது.

இன்று முதல் 'நாக்கு மாத்திரை' என் தலையில். போதைப் பவுடர், வலி மாத்திரை என்று ஊசியில் ஏற்றி ஏற்றி அடிமையாகி உள்ளே வந்த பத்துப் பேருக்கு, போதை கேட்டு உடம்பு துடிக்காமல் இருக்க, தினமும் காலை பத்து மணிக்குக் கொடுக்க வேண்டும். மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் வைப்பேன். அது கரைய ஏழு நிமிடம். அதுவரை பத்துப் பேரும் பெஞ்சில் கையை முழங்காலில் வைத்து உட்கார வேண்டும். பேசக் கூடாது, விழுங்கக் கூடாது. துப்பி எடுத்து இன்னொருவனுக்கு விற்கக் கூடாது என்பதற்காக, கடைசியில் ஒவ்வொருவனாக நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்பார்கள் அல்லவா, அதை நிஜமாகவே பார்த்தேன். என் வாழ்க்கையில் பத்துப் பேர் குறுக்கே பேசாமல் நான் சொல்வதைக் கேட்பது இந்த ஏழு நிமிடம்தான். ஒழுக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசினேன். நன்றாகவே பேசினேன்.

என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். பேயை விரட்டப் பிசாசைக் கூப்பிட்ட கதை இது. சமையல் பிளாக்கில் பூபாலன் என்று ஒருவன் இருக்கிறான். மாத்திரை வேண்டாம் என்று சொல்லி, பல்லைக் கடித்துக்கொண்டு நாலு மாதம் தள்ளிவிட்டான். அவன் ஆண்பிள்ளை. என் தம்பி கதிரவனைக்கூட நான் அப்படித்தான் செய்தேன். மாடி அறையில் பதினொரு நாள் வைத்துப் பூட்டினேன். ஒரு சொட்டுச் சாராயம் இல்லாமல் சுத்தமானான்.

ஜனவரி 22, வியாழன்

டாக்டர் ரெஜினா வந்தார். மனநல மருத்துவர், வியாழக்கிழமை மட்டும் வருவார். வயதில் என் பெண் மாதிரி, கண்டிப்பில் என் மாமியார் மாதிரி.

பதிவேட்டைப் பார்த்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். உள்ளே இருக்கும்வரை பெரிதாக ஆபத்து இல்லையாம். வெளியே போன முதல் இரண்டு வாரம்தான் எமனாம். "உடம்பு பழைய அளவ மறந்துடும் சார். புத்தி மறக்காது. போனதும் பழைய அளவையே ஏத்துவான், மூச்சு நின்னுடும். இந்த மாத்திரைய விடாம இருந்தா அந்த ஆபத்து ரொம்பக் குறையும்."

ஆகவே விடுதலையாகும் ஒவ்வொருவனிடமும் நான் இரண்டு காரியம் செய்ய வேண்டும். இந்த எச்சரிக்கையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெளியே உள்ள போதை மீட்பு மையத்தில் மாத்திரை தொடரும்படி ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். சரி மேடம் என்றேன். வீட்டுக்குப் போகிறவனிடம் சாவைப் பற்றிப் பேசுவதா? நல்ல சகுனம்தான்.

ஜனவரி 27, செவ்வாய்

பெஞ்சில் மூன்றாவதாக உட்காருகிறவன் தேசிங்கு. முப்பத்தொரு வயது, துறைமுகத்தில் ஐஸ் உடைத்தவன். படகு மோட்டார் திருடி உள்ளே வந்தவன். மார்ச் பதினெட்டாம் தேதி விடுதலை. மற்றவர்கள் போன பிறகு நின்றான்.

போன வாரம் அவன் மனைவி நிரோஷா மனு போட்டு அவனைப் பார்க்க வந்தாளாம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று, அந்த மாத்திரையும் போதைதானே, எதுவும் இல்லாமல் வந்தால் வா, இல்லையென்றால் வாசலோடு போய்விடு என்று சொல்லிவிட்டாளாம். நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று இருக்கிறது, மிதுனா. அதையும் காட்டமாட்டாளாம்.

"நீயே கொறச்சு வுட்டுடு சார். டாக்டரம்மாகிட்ட சொன்னா ஒத்துக்காது. நா சுத்தமா வூட்டுக்குப் போவணும்."

சுத்தம் என்ற வார்த்தையை அவன் சொன்ன விதம் எனக்குப் பிடித்துவிட்டது. இத்தனை வருஷத்தில் குணமாக வேண்டும் என்று என்னிடம் வந்து கேட்ட முதல் கைதி இவன். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். உண்மையில் அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஜனவரி 28, புதன்

தேசிங்குக்கு முக்கால். மீதியைக் கழுவுத்தொட்டியில் கரைத்துவிட்டேன். பதிவேட்டில் 'முழு' என்று எழுதினேன்.

பிப்ரவரி 5, வியாழன்

தேசிங்குக்கு மூக்கு ஒழுகுகிறது, கொட்டாவி கொட்டாவியாக விடுகிறான். டாக்டர் என்ன என்று கேட்டார். பனிக்காலம் மேடம், ஜலதோஷம் என்றேன். அவனும் தலையாட்டினான்.

நிலவேம்புக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். நானே என் கையால் வைத்தது. தம்பிக்கும் வைத்தேன்.

பிப்ரவரி 11, புதன்

பாதி. கால் இழுக்கிறது, தூங்க முடியவில்லை என்கிறான். ஆனால் கண்ணில் ஒரு தெளிவு வந்திருக்கிறது. மாத்திரை கரையும்வரை பெஞ்சில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற ஒன்பது பேர் அரைத் தூக்கத்தில் இருப்பதுபோல் இருக்கிறார்கள். இவன் மட்டும் முழித்திருக்கிறான்.

கோமளா கேட்டாள், என்ன இந்த மாதம் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருகிறீர்கள் என்று. ஒரு உயிரைக் கரையேற்றுகிறேன் என்றேன். அவள் உள்ளே போய் அடுப்பைக் குறைத்தாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

தம்பிக்குத் திதி. ஐயர் வந்து போனார். தம்பி மனைவி இந்த வருஷமும் வரவில்லை. ஒன்பது வருஷமாக வரவில்லை. நான் சமைக்கச் சொன்ன வாழைக்காய் அப்படியே மீந்துவிட்டது.

பிப்ரவரி 24, செவ்வாய்

கால் மாத்திரை. நகத்தளவு பொடி.

மார்ச் 3, செவ்வாய்

இன்றோடு பூஜ்ஜியம். சுண்ணாம்புச் சத்து மாத்திரையில் ஒரு சிட்டிகை பொடித்து அவன் நாக்குக்கு அடியில் வைத்தேன். மற்றவர்கள் பார்க்கிறார்கள் அல்லவா. அவனும் ஏழு நிமிடம் வாயை மூடிக்கொண்டு அமர்த்தலாக உட்கார்ந்திருந்தான். கடைசியில் நாக்கைத் தூக்கிக் காட்டினான். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும், வாயில் ஒன்றுமில்லை என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமுவதுபோல் சமாளித்தேன்.

பதிவேட்டில் 'முழு'.

மார்ச் 6, வெள்ளி

பூபாலன் விடுதலை. வழியனுப்ப கேட்வரை போனேன். பெஞ்சுக்காரர்களும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பார்த்தார்கள்.

வெளியுலகத்தில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று சொன்னால் வாயில் அடிப்பார்கள், 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். இங்கே தலைகீழ். கேட்டைத் தாண்டுகிறவன் தப்பித்தவறியும் 'வரேன்' என்று சொல்லக் கூடாது, திரும்ப உள்ளே வந்துவிடுவான். 'போறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். பூபாலன் அழகாகச் சொன்னான், அழகாகப் போனான்.

வராந்தாவில் தேசிங்குவின் தோளைத் தட்டினேன். அடுத்தது நீதான் என்றேன். "யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது, தெரியுதா? நானே கூப்பிட்டாலும் திரும்பாத." சிரித்தான். என் காலைத் தொட வந்தான், தடுத்துவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

சீஃப் வார்டர் மாசிலாமணி டீ குடித்துக்கொண்டே சொன்னார். பூபாலன் செத்துப்போனானாம். சனிக்கிழமை, பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில். கையில் ஊசி அப்படியே இருந்ததாம். வெளியே போய் ஒரு நாள் தாண்டவில்லை.

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். ஐந்து மாதத்துக்கு மேல் எதையும் தொடாமல் இருந்தவன். என்னைவிடச் சுத்தமாக இருந்தவன்.

பூபாலன் வேறு, தேசிங்கு வேறு. பூபாலன் வீம்புக்கு விட்டவன். தேசிங்குவுக்குக் குழந்தை இருக்கிறது. அவனை நான் பக்குவமாக இறக்கியிருக்கிறேன். இரண்டும் ஒன்றாகாது.

மார்ச் 10, செவ்வாய்

இரண்டும் ஒன்றாகாது என்று எழுதியதை மறுபடி படித்தேன்.

மார்ச் 12, வியாழன்

டாக்டர் பூபாலனைப் பற்றிப் பேசினார். அவர் கண் கலங்கியிருந்தது. மாத்திரை எடுத்திருந்தால் பிழைத்திருப்பான், மாத்திரை எடுக்கும் பத்துப் பேரைப் பற்றி எனக்குப் பயமில்லை என்றார்.

பேச்சுக்குக் கேட்கிறேன் மேடம் என்று ஆரம்பித்தேன். ஒருவன் உள்ளே இருக்கும்போதே மாத்திரையை நிறுத்திவிட்டான் என்று வைத்துக்கொள்வோம், உடம்பு முழுக்கச் சுத்தமாகிவிட்டது, ஒரு வாரத்தில் வெளியே போகிறான், அப்போது?

"அப்ப அவனும் பூபாலனும் ஒண்ணுதான் சார். ஆனா இன்னும் உள்ளதான இருக்கான்? நேரம் இருக்கு. என் பார்வையில மறுபடி ஆரம்பிச்சுடலாம். அதுக்கு முன்னாடி அவன்கிட்ட விஷயத்தச் சொல்லிடணும்." பிறகு என்னைப் பார்த்தார். "யார் சார்?"

யாருமில்லை மேடம், சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்றேன்.

மார்ச் 13, வெள்ளி

பதிவேட்டில் நாற்பத்தைந்து நாள் 'முழு' என்று என் கையெழுத்து. சொன்னால் சஸ்பெண்ட். ஓய்வூதியமும் போகும். கோமளாவுக்குச் சர்க்கரை.

ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். திங்கட்கிழமை டாக்டருக்குப் போன் செய்து வரச்சொல்லி, அவரிடமும் தேசிங்குவிடமும் சொல்லி முடித்துவிடுவேன். விடுதலை புதன்கிழமைதான். நடுவில் இரண்டு நாள் இருக்கிறது. வெளியே உள்ள மையத்துக்கான கடிதத்தையும் இன்று எழுதி வைத்துவிட்டேன்.

பெஞ்சில் இன்று ஒழுக்கத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தேசிங்குவின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. நாலாவது நிமிடம் அவன் என் பக்கம் சாய்ந்து, "சார், நா..." என்று வாயைத் திறந்தான். மற்ற ஒன்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாத்திரையை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிறவன் எவன்? குட்டு உடைந்துவிடுமே. "ஷ்" என்றேன். வாயை மூடிக்கொண்டான். ஏழு நிமிடம் ஆனதும் முதல் ஆளாக நான் எழுந்து ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

மார்ச் 14, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒன்பதே முக்கால் மணிக்கு உள்ளே நுழைந்தேன். பெஞ்சில் மூன்றாவது இடம் காலி. எங்கே என்று கேட்டேன். "அவனுக்கு நன்னடத்தையில நாலு நாள் கூடக் கழிச்சுட்டாங்க, இன்னிக்கே ரிலீஸ். நேத்துக் காலையிலயே சொல்லிட்டோமே. உங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்னு வந்தான், சொல்லலையா?" என்றார் மாசிலாமணி.

மேஜையிலிருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஐம்பத்தெட்டு வயதில் நான் ஓடியதைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். சிறை வாசலில் இரண்டு கேட். உள் கேட்டைப் பூட்டினால்தான் வெளிக் கேட்டைத் திறப்பார்கள். ஒருபோதும் இரண்டும் சேர்ந்து திறக்காது, கலெக்டரே வந்தாலும் அதுதான் விதி. நான் உள் கேட்டுக்கு வந்தபோது தேசிங்கு நடுவில் நின்று கைரேகை வைத்துக்கொண்டிருந்தான். நீல லுங்கி, வெள்ளைச் சட்டை, கையில் துணிப்பை. கம்பி வழியாக அவன் முதுகு தெரிந்தது.

வெளிக் கேட்டில் சிறு கதவு திறந்தது. "போறேன்" என்றான், யாரிடமோ.

"தேசிங்கு!" என்று கத்தினேன். அவன் தோள் ஒரு தடவை அசைந்தது. என் குரல் அவனுக்குத் தெரியும். கேட்டிருக்கிறான். "தேசிங்கு, நில்லுடா, பழைய அளவு கூடாதுடா!" என்று கத்தினேன். அதற்குள் கதவு மூடும் சத்தம். திரும்பாமலே கையை மட்டும் மேலே தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். சார், பார்த்தியா, நீ சொன்ன மாதிரியே திரும்பவில்லை என்று சொல்வதுபோல்.

எனக்கு உள் கேட்டைத் திறந்து, பூட்டி, பதிவு எழுதி, வெளிக் கேட்டைத் திறந்து விட்டபோது சாலையில் ஒரு ஷேர் ஆட்டோ திரும்பிக்கொண்டிருந்தது. அதில்தான் போனானா என்றுகூடத் தெரியவில்லை.

ஆபீசில் நிரோஷாவின் நம்பர் வாங்கிப் போன் செய்தேன். புதன்கிழமைதானே சார் வருவார் என்றாள். இன்றைக்கு வருவது அவளுக்குத் தெரியாது. திடீரென்று போய் நிற்க வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ. சாயந்திரம்வரை ஆறு தடவை செய்தேன். ஒவ்வொரு தடவையும் இன்னும் வரவில்லை என்றாள். ஆறாவது தடவை, "எதுக்கு சார் இத்தன வாட்டி கேக்கற?" என்றாள். நலம் விசாரிக்கத்தான் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

துறைமுகத்துக்குப் போனேன். ஐஸ் கிடங்குக்குப் பின்னால் கூட்டமாக இருந்தது. போலீஸ் தேசிங்குவின் உடலை எடுத்துக்கொண்டு போய் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது என்றார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் பழைய கூட்டாளிகளைப் பார்த்திருக்கிறான். ஒரே ஒரு தடவை, அப்புறம் தொடமாட்டேன் என்றானாம். அதிகமாகப் போட்டுவிட்டானா என்று கேட்டேன்.

"இல்ல பெரியவரே, எப்பவும் போடறதுதான். கூட அதே அளவு போட்டவன்லாம் எழுந்து போய்ட்டான்" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

துணிப்பையில் குழந்தைக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருந்ததாம்.

மார்ச் 16, திங்கள்

நிரோஷா அவனுடைய மிச்சச் சாமானை வாங்க வந்தாள். ஒரு தட்டு, ஒரு போர்வை. குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். என்னைப் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பினாள், கேட்டுக்குப் போனேன்.

"நீதான கம்பவுண்டரு? மனு பாக்க வரப்போல்லாம் அது ஒன்னியப் பத்திதான் பேசும்." குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். "போலீஸ்ல இன்னான்னாவோ சொல்றாங்க. இங்கேந்து போறப்போ அது சுத்தமாதான சார் இருந்துச்சு?"

"ஆமாம்மா. சுத்தமாதான் இருந்தான்."

முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அது போதும் சார் என்றாள். போதுமாம்.

தம்பியும் அப்படித்தான். பன்னிரண்டாம் நாள் காலையில் மாடி அறைக் கதவைத் திறந்தேன். வலிப்பு வந்து நாக்கைக் கடித்திருந்தான், உடம்பு சில்லென்று இருந்தது. வயிற்றில் ஒரு சொட்டு இல்லை என்று பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை நான் எல்லோரிடமும் காட்டினேன். அவன் மனைவியிடமும் காட்டினேன். சுத்தமாகத்தான் போனான் என்று சொன்னேன்.

மார்ச் 17, செவ்வாய்

மேலிடத்திலிருந்து ஓலை வந்துவிட்டது. பதிவேட்டின்படி தேசிங்கு கடைசி நாள்வரை முழு மாத்திரை எடுத்தவன். எடுத்தும் செத்திருக்கிறான். ஆகவே இந்த மாத்திரையால் பயனில்லை, ஆபத்தும் இருக்கலாம். வெள்ளிக்கிழமை முதல் ஒன்பது பேருக்கும் நிறுத்தம்.

டாக்டர் போனில் கூப்பிட்டார். எங்கேயும் இப்படி நடக்காது சார், எனக்கு விளங்கவில்லை என்றார். பதிவேடு சரிதானா என்று கேட்டார். சரி என்றேன்.

மார்ச் 18, புதன்

இன்று தேசிங்குவின் விடுதலை நாள்.

பெஞ்சில் ஒன்பது பேருக்கும் பொடி வைத்தேன். மூன்றாவது இடத்தில் யாரும் உட்காரவில்லை, இடம் விட்டே உட்கார்ந்திருந்தார்கள். ஏழு நிமிடம் இருக்கிறது. டாக்டர் சொல்லச் சொன்னதை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். வெளியே போனால் பழைய அளவு உயிரைக் குடிக்கும், உடம்பு மறந்துவிட்டது, புத்தி சொல்வதை நம்பாதீர்கள் என்றேன். பூபாலன் பெயரைச் சொன்னேன். தேசிங்கு பெயரைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை முதல் மாத்திரை நின்றுவிடும் என்பதையும் சொன்னேன்.

ஒருவனும் பேசவில்லை. பேச முடியாது. பதினெட்டுக் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் நாலு நிமிடம் பாக்கி இருந்தது. நான் சொல்ல வேண்டியதும் இன்னும் ஒன்று இருந்தது. என் வாயில்தான் ஒன்றும் இல்லையே, நான் ஏன் மூடிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. அந்த நாலு நிமிடமும் மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

மார்ச் 19, வியாழன்

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று டாக்டர் வரும் நாள். பதிவேடு அங்கே இருக்கிறது. இந்த டைரி என் பையில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், அவருக்கு விளங்கிவிடும். ஒன்பது பேருக்கு மாத்திரை நிற்காது. எனக்கு என்ன ஆகும் என்பது தெரியும். மிஞ்சிப் போனால், கைதியாக அந்தப் பெஞ்சுப் பக்கம் நானும் உட்கார வேண்டியிருக்கும்.

காலையில் கோமளா இட்லி வைத்தாள், பாதியில் எழுந்துவிட்டேன். பையை எடுத்துக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டும்போது என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"போறேன்."

அவள் கரண்டியோடு ஓடி வந்தாள். "என்ன பேச்சு இது வெள்ளன? போயிட்டு வரேன்னு சொல்லுங்க."

சொல்ல முடியவில்லை. எந்த வாசலில் எந்த வார்த்தை என்று எனக்குக் குழம்பிவிட்டது. அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தெருமுனையில் நின்று, திரும்பிப் பார்த்தேன்.

பஸ் வருகிறது.